லொசலீனேயின் ஏ எழுத்து

லொசலீனேயின் பேச்சில் பாதி போய்விட்டது என்று கலீசி வந்து சொன்ன அன்று விடாத மழை. நாங்கள் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து பெருவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தோம். அவள் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு, உள்ளே வராமல் கூரை ஓரத்திலேயே நின்றாள். பக்கத்து டவுன் பாங்காயில் இருக்கும் ஃபெலெதி மாமாவுக்குப் பேச வேண்டும், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டாள். முகத்தில் வழிந்தது மழைத்தண்ணீர்தானா என்று சொல்ல முடியவில்லை.

பேச்சு என்றால் வாய்ப்பேச்சு அல்ல. லொசலீனேக்கு அது போய் வெகுநாளாகிவிட்டது. ஒருகாலத்தில் ஃபோவாத் தீவில் அவளுக்கு இணையான வாய் கிடையாது. மரப்பட்டையை அடித்துத் துணியாக்கும் கொட்டகையில் பத்துப் பெண்கள் சேர்ந்து அடிக்கிற சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். போதகர் தும்முவதை, கடைக்காரர் மனைவி தராசைப் பார்க்கும் பார்வையை, கப்பலில் வாந்தி எடுக்கும் அதிகாரியை எல்லாம் செய்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து நாங்கள் பட்டையைக் கிழித்துவிடுவோம். அந்த நாக்குதான் முதலில் குழறியது. பிறகு கால்கள் போயின. அப்புறம் வலது கை. நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும், ஆனால் புத்திக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்.

மிஞ்சியது இடது கையில் மூன்று விரல். அந்த மூன்று விரலுக்காக ஆக்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒரு பழைய லேப்டாப்பை அனுப்பிவைத்தார்கள். அவள் அடிப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும்தான் என்பதால் எங்கள் பாஷையை நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரன் மாதிரி உச்சரிக்கும். அவன் குரலில் அவள் கெட்ட வார்த்தை பேசுவதைக் கேட்கப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொங்கினார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான் இருந்தது. பிறகு அந்தக் குரல் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னது. கலீசி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஈரப்பலா மரம்தான். விடிந்தது முதல் விளக்கணைக்கும்வரை அது எங்களுக்குக் கேட்கும். கலீசி, தலையணை. கலீசி, ஈ. கலீசி, காலைத் திருப்பு. கலீசி.

கலீசி ஒரே மகள். பாய் முடைவதில் கைதேர்ந்தவள். வேதக்கோயில் பக்கத்து முடைச்சல் வீட்டில் அவள் ஆரம்பித்து வைத்த கல்யாணப் பாய் ஒன்று பாதியிலேயே சுருட்டிக் கிடந்தது.

இதற்கு நடுவில்தான் தோவாகாசே வந்து சேர்ந்தாள். லொசலீனேயின் புருஷன் ஹவேயாவுக்கு அவள் அக்கா, கலீசிக்கு அத்தை. தலைநகர் நுக்குவாலோஃபாவில் மாடி வீட்டுக்காரி. ஒரு சாவுக்கு வந்தவள் திரும்புவதற்குள் வடக்கே காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, கப்பல் நின்றது, விமானமும் வரவில்லை. வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள் என்பது ஒரு பக்கம். அவளிடம் அந்த வீடு மாட்டிக்கொண்டது என்பது இன்னொரு பக்கம்.

எங்கள் ஊரில் அக்கா தங்கை இருக்கும் அறைக்குள் அண்ணன் தம்பி கால் வைப்பதில்லை. இந்தக் காலத்துப் பட்டணத்தில் எப்படியோ, இங்கே அப்படித்தான். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. லொசலீனேயின் கட்டிலுக்குப் பக்கத்தில் தோவாகாசே பாய் விரித்துவிட்டதால் ஹவேயா சமையல் கொட்டகைக்குக் குடிபோனான். இரவில் மனைவியைத் திருப்பிப் படுக்க வைப்பது, முதுகு துடைப்பது எல்லாம் அதுவரை அவன் பங்கு. இப்போது அதுவும் கலீசியின் தலையில் விழுந்தது. அதோடு அத்தைக்கு வெந்நீர், மீன் குழம்பில் எலும்பில்லாத துண்டு, காலுக்கு எண்ணெய். அத்தை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஹவேயா அக்கா முன்னால் தலையையே நிமிர்த்த மாட்டான். கலீசிக்கு அந்த உரிமையே இல்லை. அந்த வீட்டில் தோவாகாசேயிடம் முடியாது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் லொசலீனேதான். அவளிடம்தான் இப்போது எழுத்து இல்லை.

கலீசி எங்கள் போனில் மாமாவிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். லேப்டாப் நனைந்துவிட்டது. ஏ, எஸ், இ மூன்றும் அமுக்கினால் விழவே இல்லை. அப்பா கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார், அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. அம்மா எதையோ அடிக்கிறாள், அவன் 'க்ளீ, க்ளீ' என்று குருவி மாதிரிக் கத்துகிறான்.

எங்கள் பாஷையை எழுதுவதும் இங்கிலீஷ் எழுத்தில்தான்; கலீசியில் ஏயும் எஸ்ஸும் எடுத்துவிட்டால் அதுதான் மிச்சம். அத்தை பெயரை அடித்தால் 'தோக்' என்று வந்தது. அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பாஷையில் ஏ என்ற எழுத்து இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

தோவாகாசேக்கு அது குறையாகவே படவில்லை. ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண்ணை மூடினால் போதும், இதற்கு எதற்கு மெஷின் என்றாள். அன்றே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தன் முடிவைச் சொன்னாள். கடல் அடங்கியதும் லொசலீனேயைக் கப்பலில் பட்டணத்துக்குக் கொண்டுபோவது. தன் வீட்டுப் பின்னறையில் வைத்துக்கொள்வது. கலீசி கூட இருந்து பார்த்துக்கொள்வாள். அப்படியே வீட்டு வேலைக்கும் ஒரு கை ஆயிற்று. ஹவேயா இங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். ரொட்டி கொடுத்துவரப் போன நானும் அப்போது வாசலில் இருந்தேன்.

"நான் உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?" என்று கேட்டாள் தோவாகாசே.

லொசலீனே ஒருமுறை கண்ணை மூடினாள்.

"இங்க கிடந்து கஷ்டம்தானே படறே?"

மறுபடி ஒருமுறை.

"அப்ப வரமாட்டேன்னு சொல்லமாட்டேல்ல?"

இதற்கு ஒருமுறை மூடினால் என்ன அர்த்தம், இருமுறை மூடினால் என்ன அர்த்தம்? லொசலீனே மூடாமலே இருந்தாள். கண்ணை அகல விரித்து, இமைக்காமல், நாத்தனாரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் கரித்துத் தண்ணீர் இறங்கியது.

"பாவம், சந்தோஷத்துல அழறா" என்றாள் தோவாகாசே. பாவாடை நுனியால் துடைத்தும் விட்டாள்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம், தானாக ஒன்றும் சொல்ல முடியாது என்றால் அது என்ன இருப்பு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முதுகில் உறுத்துகிறது என்றால் யாராவது முதுகு என்ற வார்த்தையைக் கேட்டால்தான் உண்டு. கலீசியோ அந்த நாட்களில் அம்மாவை எதுவுமே கேட்கவில்லை. மசித்த கிழங்கைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊட்டினாள். துடைத்தாள். திருப்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபெலெதி சனிக்கிழமை மதியம் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தான். பாங்காயில் படகு மோட்டாரும் போனும் பழுது பார்ப்பவன். பருத்த உடம்பு, மெல்லிய குரல். லொசலீனே உடன்பிறந்த அக்கா என்பதால் அவனும் வீட்டுக்குள் போக முடியாது. அக்கா எழுதியதைப் படிப்பதும் முறையில்லை. கலீசியைக் கூப்பிட்டு, திறந்திருப்பதை எல்லாம் மூடிவிட்டு மெஷினைக் கொண்டுவரச் சொன்னான். கொட்டகையில் ஹவேயா பலகை போட்டுக் கொடுத்தான்.

முதலில் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மறுபடி போட்டு ஏற்றினான். ஏ விழவில்லை. அமுக்கினால் தாமதமாக எழுத்து விழும்படி ஏதாவது மாறிக் கிடக்கிறதா என்று பார்த்தான். மாறவில்லை. பிறகு பையிலிருந்து தனி கீபோர்டு ஒன்றை எடுத்துச் செருகினான். எல்லா எழுத்தும் வரிசையாக வந்து விழுந்தன. ஹவேயாவுக்கு முகம் மலர்ந்தது. இதையே வைத்துக்கொள்ளலாமே என்றான். கலீசி அதை உள்ளே கொண்டுபோய் அம்மாவின் விரலடியில் வைத்தாள். அந்தக் கட்டைகள் உயரம், அமுக்கவும் கனம். லொசலீனேயின் விரல் ஏறி, வழுக்கி, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தது. திரையிலேயே எழுத்தைக் காட்டிக் குறியை நகர்த்தித் தொடும் வழியும் உண்டு; அதற்கு மணிக்கட்டு அசைய வேண்டும். அந்தத் தட்டையான பழைய பட்டன்களைத்தான் அவள் விரலால் அமுக்க முடியும். வேறு வழி இல்லை.

ஃபெலெதி சின்னத் திருப்புளியால் ஏ பட்டனின் மூடியை நெம்பினான். அடியில் பழுப்பாகப் பிசின். எஸ், அதிலும். இ, அதிலும். ஒவ்வொன்றின் அடியிலும் செத்த எறும்பு. முகர்ந்து பார்த்தான். ஹவேயாவைத் தோட்டத்துப் பக்கம் போய் நல்ல தண்ணீர் பிடித்து வரச் சொல்லிவிட்டு, மருமகளைப் பார்த்தான். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் என்றால் பயம் கிடையாது. அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம், அவனைக் கேலி பண்ணலாம், எதையும் சொல்லலாம். அன்று பேசியதைக் கலீசியே பின்னாளில் எனக்குச் சொன்னாள்.

"இது சிந்துனது இல்ல" என்றான் ஃபெலெதி. "சிந்துனா ஒரு ஓரமாப் போகும். இது நின்னு ஊத்துனது."

"மாமாவுக்கு மூக்கு பழசாயிடுச்சு. படகு மோட்டாரை மோந்து மோந்து."

"மூக்கு தப்பும். எறும்பு தப்பாது பிள்ளை."

கலீசி அடுப்பங்கல்லில் உட்கார்ந்தாள்.

"போர்வையை எடுன்னுச்சு, எடுத்தேன். போடுன்னுச்சு, போட்டேன். அத்தைக்குத் தண்ணி கொதிக்குது, போய் இறக்கிட்டு வரேன், அதுக்குள்ள கலீசி. கொசு. விரட்டுனேன். எனக்குன்னு ஒரு டீ போட்டு, அது ஆறிப்போச்சு, குடிக்கலாம்னு எடுக்கிறேன், கலீசி. என்னம்மான்னேன். ஒண்ணும் இல்ல, சும்மா கூப்பிட்டேன்னுச்சு." அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினாள். "அம்மா மேல ஊத்தல மாமா. அந்த வெள்ளைக்காரன் இருக்கான்ல, அவன் வாயிலதான் ஊத்துனேன்."

"அக்கா பார்த்தாங்களா?"

"பார்த்துக்கிட்டே இருந்துச்சு. கையைக்கூட இழுத்துக்கல."

"இழுக்க முடியாதே."

"அதான் மாமா."

ஃபெலெதி பிசினை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். சர்க்கரை போடாத டீயாக இருந்தால் தனக்கு வேலை மிச்சமாகியிருக்கும் என்றான். அவள் சிரிக்கவில்லை. கேட்பவர்களிடம் உப்புக்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

தூரிகையும் ஸ்பிரிட்டும் போதவில்லை. பட்டன்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள் அடுக்குகளுக்குள்ளேயே சர்க்கரை இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. முழுக் கீபோர்டையும் கழற்றி வெதுவெதுப்பான மழைநீரில் ஊறவைத்து அலச வேண்டும், பிறகு ஈரம் துளியும் இல்லாமல் காயவைக்க வேண்டும். அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் யாரும் வேலை செய்வதில்லை. சட்டமே உண்டு, தோவாகாசேக்கு அந்தச் சட்டத்தில் நம்பிக்கை அதிகம். தன் கண்ணெதிரே இந்த வளவில் ஒரு திருகாணி திரும்பக் கூடாது என்றாள்.

சமைப்பதற்குத் தடை இல்லை. காலையிலேயே ஹவேயா குழி அடுப்பில் கல்லைப் பழுக்கவைத்து, இலையில் கட்டிய கறியும் கிழங்கும் இறக்கி, மண்ணைப் போட்டு மூடினான். எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது ஃபெலெதி கொட்டகையில் உட்கார்ந்து கீபோர்டை அலசினான். தண்ணீர் டீ நிறமாக இறங்கியது. மாற்றி மாற்றி ஊற்றினான். வெளியே வெயில் என்ற பேச்சே இல்லை. குழி அடுப்பின் மண் மூடிக்குப் பக்கத்தில், கை பொறுக்கும் சூட்டில், ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காயவைத்தான். கோயிலில் பாடும் பாட்டு மழைக்குள் வந்து வந்து போயிற்று. உள்ளே லொசலீனேயும் கலீசியும் மட்டும். இரண்டு பேரிடமிருந்தும் சத்தம் இல்லை.

கோயிலிலிருந்து வந்த தோவாகாசே சாப்பாடு ஆயிற்றா என்று பார்க்க நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டாள். முன்னாலேயே திரும்பியிருந்த ஹவேயா அக்காவைக் கண்டதும் எழுந்து பின்பக்கமாக மழையில் இறங்கிப் போனான். கிண்ணத்துத் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். ஃபெலெதியைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். உப்புக்காற்று இனிக்காது.

திங்கட்கிழமை மழை வெறித்தது. தென்கிழக்கில் கொஞ்சம் வானம் தெரிந்தது. கப்பல் கிளம்பப் போவதாக ரேடியோவில் சொன்னார்கள். ஃபெலெதி தாள்களைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, திரும்பப் பொருத்தினான். நாடா மாதிரி இருக்கும் ஒயரைத் துளையில் நுழைத்துப் பூட்டினான். எஸ் விழுந்தது. இ விழுந்தது. ஏ விழவில்லை. மறுபடி கழற்றிப் பார்த்தான். அந்த இடத்தில் தாளில் ஓடும் கோடே கருத்து அரித்துப்போயிருந்தது. ஹவேயா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஃபெலெதி வெகுநேரம் பட்டன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அத்தானிடம், நம் பாஷைக்கு வேண்டாத எழுத்து இதில் எத்தனை இருக்கிறது பார் என்றான். ஏக்கு மேலேயே க்யூ இருந்தது. எங்கள் பாஷையில் க்யூ என்று ஒரு எழுத்தே கிடையாது. க்யூவை அமுக்கினால் ஏ விழும்படி மெஷினுக்குள் மாற்றி எழுதினான். ஏ என்று போட்ட மூடியை நெம்பி அந்த இடத்தில் பொருத்தினான். அமுக்கினான். ஏ விழுந்தது.

செய்தி பரவி நாங்கள் நாலைந்து பேர் வாசலில் கூடியிருந்தோம். கலீசி மெஷினை அம்மாவின் மடியில் தலையணை மேல் வைத்து, விரலைப் புது ஏயின்மேல் எடுத்து வைத்தாள். ஃபெலெதி ஈரப்பலா மரத்தடியில் போய் நின்றுகொண்டான். ஹவேயா பின்வாசல் கதவுக்கு வெளியே.

தோவாகாசே எழுந்து நின்றாள். மூட்டையை அவள் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். லொசலீனேயின் போர்வைகளும் மடித்துக் கட்டியிருந்தன.

"பேசுறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். இதுல டீயை ஊத்துனது யாரு? இந்த வீட்டுல நடமாடுற கை ரெண்டுதான். என் கை ஊத்தல."

கலீசி தலை குனிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

"நான்" என்றான் வெள்ளைக்காரன்.

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். மூன்று விரல்கள் மெதுவாக நகர்ந்தன. அடுத்த வார்த்தைக்கு வெகுநேரம் பிடித்தது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம்.

"நான் ஊத்தினேன்."

"நீயா?" என்றாள் தோவாகாசே. "மூக்குமேல உட்கார்ற ஈயை ஓட்ட முடியாத கை. அது கோப்பையைத் தூக்குச்சா?"

"தூக்கினேன்."

பொய் என்று அந்த வீட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும். தோவாகாசே எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒருவரும் அவள் பார்வையை வாங்கிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் நின்ற கிழவர், வியாதிக்காரங்களுக்குச் சில சமயம் அப்படிப் பலம் வரும் என்று சொன்னார்.

வெளியே மோட்டார் சைக்கிள் உறுமியது. அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள், அதைக் காதில் வாங்குவது தனக்கு முறையில்லை என்று ஃபெலெதி வண்டியைக் கிளப்பியிருந்தான். சத்தம் தேய்ந்து போகும்வரை லொசலீனே காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

"நான் வரமாட்டேன். இது என் வீடு."

"உன்னை யாரு பார்க்கிறது? இந்தப் பிள்ளை ஒண்டியாச் சாகவா?" என்று கேட்டாள் தோவாகாசே. கோபத்தில் கேட்டாலும் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதுவரை யாரும் கேட்கவில்லை.

"இவள் தூங்க வேண்டும். தூங்கிவிட்டுப் பாய் முடையப் போக வேண்டும். ராத்திரிக்கு என் புருஷன் வேண்டும்."

கதவுக்குப் பின்னால் ஹவேயா தொண்டையைச் செருமினான்.

"அவன் எப்படி வருவான், நான் இங்க இருக்கும்போது?"

விரல்கள் நகர்ந்தன. "கப்பல் வரும்வரை நீங்கள் பாருங்கள். அப்புறம் அவர்."

மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் சொன்னாள். தோவாகாசேக்கு முகம் கறுத்துச் சிவந்தது. அவள் கெட்டவள் இல்லை. தன் சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவள். கட்டிவைத்த போர்வை மூட்டையை வெடுக்கென்று அவிழ்த்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கலீசியைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சாப்பிடு என்றதற்கு ஆகட்டும் என்றவள் பாயில் சாய்ந்ததும் அப்படியே தூங்கிப்போனாள். அன்று முழுக்க ஈரப்பலா மரத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தோவாகாசே, தலையணை. தோவாகாசே, ஈ. ஒவ்வொரு தடவையும் கலீசியின் கை தூக்கத்திலேயே பாயைப் பற்றியது, பிறகு தளர்ந்தது.

மறுநாள் காலை அவள் எழுந்து போனபோது தோவாகாசே கூந்தல் அவிழ்ந்து, கண் சிவந்து வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். இந்தப் பிள்ளை இத்தனை நாள் எப்படித் தாங்கினாள் என்று தன்பாட்டில் சொன்னாளாம். மதியக் கப்பலில் தனியாக ஏறிப் போனாள். போகும்போது கலீசிக்கு எண்ணெய்ப் புட்டியை விட்டுப்போனாள். ஹவேயா தன் பாயை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டான்.

கலீசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பார்த்துக்கிட்டுத்தானேம்மா இருந்தே."

"பார்த்தேன்" என்றது மெஷின்.

"கோபம் வரலையா?"

லொசலீனேயின் விரல் க்யூ இருந்த இடத்தைத் தேடிப் போய், தவறி, மறுபடி தேடிக் கண்டுபிடித்தது. கலீசி அவசரப்படவில்லை. தரையில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"உன் இடத்தில் நான் இருந்திருந்தால்" என்றான் வெள்ளைக்காரன், கோயிலில் வேதம் படிக்கிற மாதிரி நிதானமாக, "இவனைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்."

முதலில் கலீசி சிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அது வேறு சத்தமாக மாறியது. நான் எழுந்து போகவில்லை. ஹவேயா கிழங்குத் தோட்டத்துக்குப் போகாமல் வாசலிலேயே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான்.